கிரீடம் சூடும் பெண்களும் அவர்களுடைய காதலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்க இளையோர் நாவல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்களே, அதுவே பெரிய சந்தோஷம். ஆனால் அதில் ஒரு பத்தி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கறுப்பினப் பெண் கதாநாயகியாக இருந்து, அவள் இன்னொரு பெண்ணைக் காதலிப்பதாக வரும் நாவல்களைக் கட்டுரையாளர் 'சமூகப் பிரச்சினை நாவல்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, இப்போது அங்கே இதற்கு மவுசு இருப்பதால் பதிப்பகங்கள் அச்சடித்துத் தள்ளுகின்றன, கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்று முடித்துவிட்டார். ஒரு நாவலின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் இந்த நாவல்களைத் தேடித் தேடிப் படிக்கிறவள். ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று, நான் கறுப்பினத்தவளும் இல்லை, பெண்ணைக் காதலிக்கும் பெண்ணும் இல்லை. அப்படியிருந்தும் இவை ஏன் என்னைப் பிடித்து இழுக்கின்றன, அந்தப் பெண்களுக்கே இவை ஏன் உயிராக இருக்கின்றன என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. கடிதம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லியா ஜான்சன் எழுதிய 'யூ ஷுட் சீ மீ இன் எ கிரவுன்' என்ற நாவலிலிருந்தே தொடங்குகிறேன். 2020 ஜூன் 2ஆம் தேதி வெளிவந்தது. கதை நடப்பது இண்டியானா மாநிலத்தில் வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு பணக்காரச் சின்ன ஊரில். அந்த ஊருக்குப் பள்ளி இறுதியாண்டு 'ப்ராம்' நடன விழா என்றால் திருவிழா மாதிரி, ஊரே அதைப் பற்றித்தான் பேசும். லிஸ் லைட்டி என்ற பெண் கறுப்பினத்தவள், நல்ல உயரம், கையில் காசு இல்லாத வீடு, தாத்தா பாட்டியிடம் வளர்கிறாள், பள்ளி இசைக்குழுவில் வாசிப்பவள், யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாகப் போய்வரவே ஆசைப்படுகிறவள். அவள் நம்பியிருந்த கல்லூரி உதவித்தொகை கைவிட்டுப் போகிறது. அப்போதுதான் மாணவர்கள் ஓட்டுப் போட்டு ப்ராம் ராணியாகத் தேர்வாகிறவளுக்கு ஒரு உதவித்தொகை உண்டு என்பது நினைவுக்கு வருகிறது. சரி, வேறு வழியில்லை என்று போட்டியில் இறங்குகிறாள். அதே போட்டியில் பள்ளிக்குப் புதிதாக வந்து சேர்ந்த, டிரம்ஸ் வாசிக்கும் மேக் என்ற பெண்ணும் நிற்கிறாள். போட்டியாளர் மேலேயே காதல் வந்துவிடுகிறது. அதை வெளியில் சொன்னால் ஓட்டு போய்விடும், ஓட்டு போனால் படிப்பு போய்விடும்.

இதைப் படிக்கும் எந்தத் தமிழ் வாசகிக்கும் ஒன்று புரியும். இது அச்சு அசல் காதல் நாவலின் கட்டுமானம். பணத்துக்கும் காதலுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட பெண், எதிரணியில் நிற்கும் காதல், வம்பு பேசும் ஊர், உயிருக்கு உயிரான ஒரு தோழியோடு வரும் மனத்தாங்கல், கடைசியில் எல்லார் முன்னாலும் ஒரு நடனம். நம் வீடுகளில் அம்மாக்களும் அத்தைகளும் மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கூடத்தில் படுத்துக்கொண்டு மாத நாவல் படித்தார்களே, அதே சுகம். யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், தெரிந்தும் கடைசிப் பக்கம் வரை வைக்க மனசு வராது. எப்படிச் சேர்கிறார்கள் என்பதில்தான் ருசி. கட்டுரையாளர் அந்த ருசியை விட்டுவிட்டுப் பிரச்சினையை மட்டும் பார்த்திருக்கிறார். கறுப்பினப் பெண் வந்தாலே அங்கே பிரச்சினைதான் இருக்கும், பெண்ணும் பெண்ணும் காதலித்தாலே அங்கே போராட்டம்தான் இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு மட்டும் இல்லை, நம் எல்லாருக்குள்ளும் இருக்கிறது.

நாம் கறுப்பின மக்களைப் புத்தகங்களில் எப்படிப் பார்த்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தமிழில் பெரும்பாலானவர்களுக்கு அலெக்ஸ் ஹேலியின் 'ஏழு தலைமுறைகள்' மூலமாகத்தான் அந்த வாழ்க்கை அறிமுகம். நானும் அதைப் படித்து அழுதவள்தான், அந்தப் புத்தகத்தின் மேல் எனக்கு மரியாதை குறையவே இல்லை. அதன்பின் வந்த மொழிபெயர்ப்புகளிலும் சங்கிலி, சாட்டை, பருத்திக்காடு, தூக்குமரம், அப்புறம் உரிமைப் போராட்டம். இவை எல்லாம் தெரிந்தே ஆக வேண்டிய வரலாறு. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் வெட்கப்பட்டுச் சிரிப்பதை, யாரோ ஒருத்தி தன்னைப் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதை, எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று தோழியிடம் அரை மணி நேரம் புலம்புவதை நாம் எங்கே படித்தோம்? நமக்கு அந்தப் பெண் அழுதால்தான் அடையாளம் தெரிகிறது.

அமெரிக்காவிலேயே நிலைமை இதற்கு ரொம்பத் தள்ளி இருக்கவில்லை. 2014 மார்ச்சில் வால்டர் டீன் மையர்ஸ் என்ற மூத்த கறுப்பின எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கணக்கை எடுத்துச் சொன்னார்: 2013இல் வெளிவந்த 3,200 சிறுவர் நூல்களில் கறுப்பின மக்களைப் பற்றியவை 93. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த 93இல் எத்தனை காதல் கதை, அந்தக் காதல் கதைகளில் எத்தனை பெண்ணும் பெண்ணும் காதலிப்பது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த வருடம்தான் இப்படிப்பட்ட நூல்கள் வேண்டும் என்று எழுத்தாளர்கள் சேர்ந்து ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அடுத்த வருடம், 2015 ஜூனில், தன்பால் திருமணத்துக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அனுமதி கொடுத்தது. இந்த நாவல்கள் வரிசையாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. மவுசு என்று கட்டுரையாளர் சொல்வது இத்தனை வருடம் மூடியிருந்த கதவு திறந்த பிறகு வந்த கூட்டம். அதை ஒரு சீசன் சமாசாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கு முன்னால் இப்படிப்பட்ட கதாநாயகிகளே இல்லையா என்றால், இருந்தார்கள். ட்ரினிடாடில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வாழ்ந்த ரோசா கய் 1976இலேயே 'ரூபி' என்ற இளையோர் நாவலை எழுதிவிட்டார். மேற்கிந்தியத் தீவிலிருந்து ஹார்லெமுக்கு வந்த பெண், கெடுபிடியான அப்பா, யாரும் இல்லாத தனிமை, வகுப்புத் தோழி டாஃப்னி மேல் வரும் காதல். அந்தக் காலத்தில் இதை எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! ஆனால் முடிவு? டாஃப்னி விட்டுப் போய்விடுகிறாள், ரூபி உயிரை விடப் பார்க்கிறாள். 1997இல் ஜாக்குலின் வுட்சன் எழுதிய 'த ஹவுஸ் யூ பாஸ் ஆன் த வே' என்ற சின்ன நாவலும் அப்படித்தான், ரொம்ப அழகாக எழுதப்பட்டது, அதில் ஸ்டாகர்லீ என்ற பதினான்கு வயதுப் பெண் ஒரு கோடை காலம் முழுக்கத் தன் மனதைப் புரிந்துகொள்ளத் தவிக்கிறாள், தன்னைப் போலவே இருப்பாள் என்று நம்பிய உறவுக்காரப் பெண் பிறகு ஒரு பையனைப் பற்றிக் கடிதம் எழுதுகிறாள். நல்ல இலக்கியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பதினைந்து வயதில், ஊரில் தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாளா என்று தெரியாமல் நூலகத்தில் ஒளிந்து ஒளிந்து படிக்கிற ஒரு பெண் இந்தப் புத்தகங்களை மூடி வைக்கும்போது அவளுக்கு என்ன கிடைத்திருக்கும்? நீ தனியாகத்தான் இருக்கப் போகிறாய் என்ற செய்தி. வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் காதலித்துச் சேர்ந்த கதை 1982இலேயே வந்துவிட்டது. கறுப்பினப் பெண்களுக்கு அந்தச் சாதாரண சந்தோஷம் வந்து சேர இன்னும் எத்தனை வருடம் ஆயிற்று பாருங்கள்.

அதனால்தான் லிஸ் லைட்டி தலையில் கிரீடம் ஏறுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபப்பட வேண்டாம், காதல் நாவலில் அது ரகசியம் இல்லை.) கிரீடம் என்ன பெரிய விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். ப்ராம் நடனம் அமெரிக்காவில் யார் யாரோடு ஆடலாம் என்ற கேள்வி வெளிப்படையாகக் கேட்கப்பட்ட இடம். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராம், கறுப்புப் பிள்ளைகளுக்கு வேறு ப்ராம் என்று தென் மாநிலங்களில் பல ஊர்களில் தனித்தனியாக நடத்தினார்கள். பள்ளி நடத்தினால்தானே வழக்கு வரும், அதனால் பெற்றோர்களே காசு போட்டுத் தனியாக நடத்திக்கொண்டார்கள். மிசிசிப்பி மாநிலத்தில் சார்லஸ்டன் என்ற ஊரில் முதல் பொது ப்ராம் நடந்தது 2008இல், அதற்கும் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று நடிகர் மார்கன் ஃப்ரீமன் சொல்ல வேண்டியிருந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுண்டிப் பிள்ளைகள் தாங்களே பணம் திரட்டி எல்லாரும் சேர்ந்து ஆடும் ப்ராமை நடத்தியது 2013இல். இடையில் 2010இல் மிசிசிப்பியில் இட்டவாம்பா கவுண்டியில் ஒரு மாணவி தன் காதலியைக் கூட்டிக்கொண்டு ப்ராமுக்கு வரலாமா என்று கேட்டதற்கு, பள்ளி நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்துவிட்டது. அந்தப் பெண் வழக்குப் போட்டு ஜெயித்தாள். இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலுக்கு வாருங்கள். லிஸ் படிக்கும் பள்ளியிலும் ஒரே பாலினத்தவர் ஜோடியாக வரக்கூடாது என்று விதி இருக்கிறது. கறுப்பினத்தவள் என்பதற்காக ஒரு தடை, பெண்ணைக் காதலிக்கிறாள் என்பதற்காக ஒரு தடை, இரண்டையும் தாண்டி அவள் அந்த அரங்கத்தின் நடுவில் போய் நிற்கிறாள். ஆசிரியை இதில் எதையும் பிரசங்கம் செய்யவில்லை. வரலாறு தெரிந்தவர்களுக்கு அது அடியில் ஓடும், தெரியாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது ஒரு அழகான கவுன், நல்ல பாட்டு, கையைப் பிடித்துக்கொள்ளும் காதலி. இரண்டும் சரிதான்.

அந்தப் புத்தகம் வெளிவந்த நேரத்தையும் சொல்ல வேண்டும். மினியாபோலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டது 2020 மே 25. அடுத்த வாரம் நாடு முழுக்கத் தெருவில் மக்கள் நின்றுகொண்டிருந்தபோது இந்த நாவல் கடைக்கு வருகிறது, அட்டையில் சுருள்முடிக் கூந்தலோடு கிரீடம் வைத்த ஒரு கறுப்பினப் பெண். அந்த ஆகஸ்டில் நடிகை ரீஸ் விதர்ஸ்பூன் தன் வாசிப்பு வட்டத்தின் முதல் இளையோர் நாவலாக இதைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த வருடம், தன்பால் காதலர்கள், திருநர்கள் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களுக்கான ஸ்டோன்வால் விருதுக் குழு இதைச் சிறப்பு நூலாகக் கௌரவித்தது. அவ்வளவு துக்கத்துக்கு நடுவில் எதற்கு இந்த நாவலைக் கையில் எடுத்தார்கள்? துக்கத்தைச் சொல்லும் புத்தகம் தேவையில்லை, அது தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. தன் பிள்ளைக்கு ஒரு நல்லது நடக்கும் என்று காட்டுகிற ஏதோ ஒன்று அந்த வீடுகளுக்கு வேண்டியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அட்டையைப் பற்றிச் சொன்னேனே, அதுவும் லேசில் வந்ததில்லை. 2009இல் 'லையர்' என்ற இளையோர் நாவல் அமெரிக்காவில் வந்தபோது, கதைசொல்லும் பெண் குட்டை முடியுள்ள கறுப்பினக் கலப்புப் பெண், அட்டையிலோ நீண்ட நேர்முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். எழுத்தாளரே வெளிப்படையாகப் பேசி, வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் பதிப்பகம் அட்டையை மாற்றியது. கறுப்பு முகம் போட்டால் விற்காது என்பது அந்த வியாபாரத்தில் ரொம்ப நாள் நம்பிக்கை.

இப்போது இந்த நாவல்களின் கவர்ச்சிக்கு இன்னொரு காரணம், இவை ஒன்று போல ஒன்று இல்லை. கேலின் பேய்ரன் என்ற எழுத்தாளர் எழுதிய 'சிண்ட்ரெல்லா இஸ் டெட்' முழுக்க மாயக்கதை. சிண்ட்ரெல்லா இளவரசனை மணந்து 200 வருடம் ஆகிவிட்டது, அந்தக் கதையே இப்போது ராஜ்யத்தின் சட்டமாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அரண்மனை அங்கீகரித்த சிண்ட்ரெல்லா கதையை மனப்பாடம் செய்ய வேண்டும். வயது வந்த பெண்கள் எல்லாரும் நன்றாக உடுத்திக்கொண்டு அரண்மனை நடனத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும், ஆண்கள் வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், தேர்வாகாத பெண் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. சோஃபியா என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் தன் சிறுவயதுத் தோழி எரினைக் காதலிக்கிறாள், நடனத்திலிருந்து தப்பி ஓடி, சிண்ட்ரெல்லாவின் கல்லறை மண்டபத்துக்குள் ஒளிகிறாள், அங்கே கான்ஸ்டன்ஸ் என்ற வீரியமான பெண்ணைச் சந்திக்கிறாள். அந்த நடன மண்டபக் காட்சியை நான் எப்படிப் படித்திருப்பேன் என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப்புடவை கட்டி, தட்டில் காபி டம்ளரோடு முன்னறைக்குப் போய், நாலு பேர் ஏற இறங்கப் பார்க்க நின்றவர்களுக்கு சோஃபியாவின் வயிற்றைப் பிசைகிற பயம் அப்படியே தெரியும். கதை கறுப்பினப் பெண்ணுடையது, தன் பாலினத்தைக் காதலிப்பவளுடையது, ஆனால் அந்தப் பயத்துக்குள் நாமும் நுழைந்துவிடுகிறோம்.

ஜுனாடா பெட்ரஸ் 2019இல் எழுதிய 'த ஸ்டார்ஸ் அண்ட் த பிளாக்னஸ் பிட்வீன் தெம்' வேறு மாதிரி, மெதுவாக, பாட்டு மாதிரி நகரும் நாவல். ட்ரினிடாடில் ஆட்ரே என்ற பெண் பாஸ்டரின் பேத்தியோடு நெருக்கமாக இருப்பதை அம்மா பார்த்துவிடுகிறாள், உடனே பெட்டி கட்டி அமெரிக்காவில் இருக்கும் அப்பாவிடம் அனுப்பிவிடுகிறாள். மினியாபோலிஸில் மேபெலைச் சந்திக்கிறாள். மேபெலுக்கு நோய். இதில் என்னைக் கட்டிப்போட்டது ஆட்ரேயின் பாட்டி. அம்மா விரட்டிவிட்ட பேத்தியைப் பாட்டி தன் மடியில் போட்டுக்கொள்கிறாள், அவள் காதலைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. இந்த நாவல்களில் பாட்டிகள் பெரிய ஆட்கள். ஜாஸ் ஹேமண்ட்ஸ் எழுதிய 'வி டிசர்வ் மான்யுமென்ட்ஸ்' (2022) நாவலில் வாஷிங்டனிலிருந்து ஜார்ஜியாவில் ஒரு சின்ன ஊருக்கு, சாகக் கிடக்கும் பாட்டியைப் பார்க்க வருகிறாள் ஏவரி. உதட்டில் வளையம் போட்ட பேத்தியைப் பார்த்ததும் பாட்டிக்குப் பிடிக்கவில்லை, வாய்க்கு வந்தபடி பேசுகிறாள். அந்தக் கடுகடுத்த கிழவிக்கும் பேத்திக்கும் இடையில் மெல்ல மெல்ல ஏற்படுகிற ஒட்டுதலும், பக்கத்து வீட்டு சிமோன் மேல் ஏவரிக்கு வரும் காதலும், அந்தக் குடும்பத்தின் மேல் இனவெறி விட்டுப்போன பழைய காயமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போகும். கறுப்பின எழுத்தாளர்களின் இளையோர் நூல்களுக்குத் தரும் கோரெட்டா ஸ்காட் கிங் விருதுகளில் புதிய எழுத்தாளருக்கான பரிசு 2023இல் இந்த நாவலுக்குக் கிடைத்தது, எனக்குக் கேட்டால் இந்த வரிசையில் இதுதான் ஆகச் சிறந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நீலகிரியில் இருக்கிற எனக்கு மட்டும் பட்டதாக இருக்கலாம். லிஸ் லைட்டியின் அம்மா அரிவாள் செல் ரத்தசோகையால் இறந்தவர், தம்பி ராபிக்கும் அதே நோய். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1952இல், எங்கள் நீலகிரி மலைப் பழங்குடிகளிடம். திடீரென்று மூட்டு மூட்டாக வலி எடுத்து, பிள்ளை சுருண்டு படுத்துக்கொள்வதை, தண்ணீர் குடித்தாயா, குளிரில் நின்றாயா என்று வீட்டில் எல்லாரும் மாறி மாறிக் கேட்பதை இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பார்க்கலாம். லிஸ் ஏன் ரத்த நோய் டாக்டராக ஆசைப்படுகிறாள், அந்த உதவித்தொகைக்காக ஏன் வெட்கத்தை விட்டு மேடை ஏறுகிறாள் என்பது எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. காதல் கதைக்குள் இப்படி ஒரு வீட்டை முழுசாக வைத்திருப்பதுதான் ஆசிரியையின் திறமை. காதலிக்கு நேரம் ஒதுக்கினால் தம்பிக்குக் குறைந்துவிடுமோ என்று குற்ற உணர்ச்சிப்படுகிற அக்காவைத் தமிழ்நாட்டில் யாருக்குத் தெரியாது?

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். மேக் பாத்திரம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம், வில்லி தடாலடியாகத் தப்பு செய்கிறாள், சில நாவல்களில் அந்தந்த வருடத்துப் பேச்சுவழக்கும் பாப் பாட்டுக் குறிப்புகளும் அதிகம், பத்து வருடம் போனால் அடிக்குறிப்பு போட வேண்டியிருக்கும். லியா ஜான்சனின் அடுத்த நாவல், 2021இல் வந்த 'ரைஸ் டு த சன்', ஓர் இசைவிழாவின் சில நாட்களுக்குள் நடக்கிறது, முதல் நாவலின் பிடிப்பு அதில் எனக்கு ஏற்படவில்லை. ஆனால் இதெல்லாம் காதல் நாவலுக்குச் சொல்கிற குறைகள். அந்த அளவுகோலை வைத்துத்தான் இவற்றைப் பேச வேண்டும்.

பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: லிஸ்ஸின் கதையில் முத்தத்துக்கு மேல் பெரிதாக எதுவும் இல்லை. இரவு எட்டு மணி சீரியலில் வருகிற பழிவாங்கலும் விஷம் வைப்பதும் இதில் கிடையாது. இருந்தும் 2022இல் ஓக்லஹோமா மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஆபாசச் சட்டத்தின் கீழ் ஆராய எடுத்துக்கொண்ட நூல்களின் பட்டியலில் இந்த நாவலும் இருந்தது, எதிர்ப்பு கிளம்பிய பின் அந்த ஆய்வைக் கைவிட்டார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நடனமாடியதுதான் அவர்களுக்கு ஆபாசமாகப் பட்டிருக்கிறது. லியா ஜான்சன் அடுத்த வருடமே இண்டியானாபோலிஸில் 'லவுட்மவுத் புக்ஸ்' என்ற புத்தகக் கடையைத் திறந்துவிட்டார், இப்படித் தடை செய்யப்படுகிற, ஓரங்கட்டப்படுகிற நூல்களை முன்னால் வைத்து விற்பதற்காகவே. அந்த மனதிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்கக்கூடும். 2021இல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து வாழ்வதற்காகச் சென்னைக்குப் போனார்கள், பெற்றோர்கள் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்தார்கள், வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொல்லும் முன் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து பேசினார், அதைத் தீர்ப்பிலும் எழுதினார். அவருக்கு உளவியலாளர் கிடைத்தார். ஊரில் இருக்கிற மற்ற அம்மா அப்பாக்களுக்கு, டீச்சர்களுக்கு, அத்தை மாமாக்களுக்கு யார் கிடைப்பார்கள்? ஒரு நாவல் கிடைக்கலாம். அதுவும் பாடம் நடத்துகிற நாவலாக இருந்தால் மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். இரண்டு பெண்களும் சேர வேண்டுமே, சேர வேண்டுமே என்று படிக்கிறவர் மனசு அடித்துக்கொள்கிற காதல் கதையாக இருந்தால் கடைசிப் பக்கம் வரை போவார்கள். நான் போனேன்.

அதனால் ஆசிரியர் அவர்களிடம் இரண்டு கேட்டுக்கொள்கிறேன். இந்த நாவல்களைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது கதையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். யார் கதாநாயகி, அவளுக்கு என்ன ஆசை, எங்கே தடுக்கி விழுகிறாள், காதல் எந்த இடத்தில் தித்திக்கிறது, எந்த இடத்தில் சொதப்புகிறது, இதெல்லாம் வேண்டும். மற்ற காதல் நாவல்களுக்குக் கொடுக்கிற அதே மரியாதை போதும். இரண்டாவது, உங்கள் பக்கங்களைத் தமிழ்ப் பதிப்பாளர்கள் பார்க்கிறார்கள். கறுப்பின எழுத்தாளர்களின் துயரத்தை அருமையாகத் தமிழில் கொண்டுவந்தவர்கள் அவர்கள், அந்தப் பெண்களின் சந்தோஷத்தையும் ஒன்றிரண்டு கொண்டுவரலாமே என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் 'சிண்ட்ரெல்லா இஸ் டெட்' என்பேன். சிண்ட்ரெல்லாவை நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், மாயக்கதை என்பதால் அடிக்குறிப்பு இல்லாமல் தமிழில் ஓடும், சோஃபியா தப்பி ஓடுகிற இடத்தில் எந்தப் பெண்ணும் கூடவே ஓடுவாள். மதிப்புரை எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நானே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
கோத்தகிரி